ஆலோசனை ஒருவர், பெட்டி வேறொருவர்

பாஸ்புக்கில் அந்தத் தொகை ஏறியது 2011-இல் ஒரு வெள்ளிக்கிழமை. திங்கள் காலை பத்து மணிக்கெல்லாம் சித்தப்பா வீட்டு வாசலில் பைக் வந்து நின்றுவிட்டது. வங்கியிலிருந்து ஒரு தம்பி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் அரைக் கிலோ இனிப்பு. "ஐயா, இவ்ளோ பணம் சேமிப்புக் கணக்குல சும்மா கிடக்கலாமா?" என்று ஆரம்பித்தார். சித்தி மோர் கொடுத்தார். டம்ளர் காலியாவதற்குள் நாலு இடத்தில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஏரிக்குக் கீழே 3 ஏக்கர் சொச்சம் நஞ்சை. கிடங்கு கட்டுகிற ஒரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. வந்தது 3 கோடிக்குக் கொஞ்சம் கீழே. அதற்கு முன் சித்தப்பா ஒரே தடவையில் கண்ணால் பார்த்த பெரிய தொகை, நெல் போட்ட வகையில் வந்த எண்பதாயிரம்.

"ஒரு தடவை கட்டினா போதும்" என்று சொல்லி அந்தத் தம்பி விற்றது, வருஷா வருஷம் 10 லட்சம் கட்ட வேண்டிய காப்பீட்டுத் திட்டம். அடுத்த ஆண்டு தவணைக் கடிதம் வந்தபோதுதான் அது தெரிந்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க அப்போது 15 நாள்தான் அவகாசம். அது எப்போதோ ஓடிப்போயிருந்தது. கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சித்தப்பா கேட்டார்: "ஏம்ப்பா, அந்தப் பையன் எனக்கு வேலை செஞ்சானா, கம்பெனிக்கு வேலை செஞ்சானா?"

இந்தக் கேள்விக்குப் பதில் வாங்குவதற்காகவே பெரும் பணக்காரக் குடும்பங்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகத் தனியாக ஆள் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் 1882-இலேயே தன் சொத்தைக் கவனிக்க ஓர் அலுவலகம் போட்டார். ஆனால் சித்தப்பாவின் கதைக்குக் கிட்டே வருகிறவர் ஹென்றி ஃபிப்ஸ். கார்னகியின் உருக்கு ஆலையில் பங்காளி. 1901-இல் ஆலையை விற்றபோது அவர் பங்காகச் சுமார் 5 கோடி டாலர் கைக்கு வந்தது. அதுவரை பணம் உலையிலும் உருளையிலும் இருந்தது. திடீரென்று காகிதமாக வந்து மேசையில் உட்கார்ந்தது. நஞ்சை விற்றவருக்கும் ஆலை விற்றவருக்கும் வருகிற குழப்பம் ஒன்றுதான். நேற்று வரை தெரிந்த தொழில் போய்விட்டது, இன்று தெரியாத தொழிலான பணம் வந்துவிட்டது. ஃபிப்ஸ் 1907-இல் தன் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது பெசமர் டிரஸ்ட். 1970-களில் அது மற்றக் குடும்பங்களுக்கும் கதவைத் திறந்தது. இன்றும் ஃபிப்ஸ் வாரிசுகளுக்குச் சொந்தமான அந்த நிறுவனம், பல குடும்பங்களின் மூன்றாம் நான்காம் தலைமுறைப் பணத்தைக் கவனிக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் என்றால் 'ஃபேமிலி ஆபீஸ்' என்கிறார்கள், பல குடும்பங்களுக்கு என்றால் 'மல்டி ஃபேமிலி ஆபீஸ்'. நம்மூரில் அசிம் பிரேம்ஜிக்கும் நாராயண மூர்த்திக்கும் முதல் வகை இருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். காரைக்குடிப் பக்கம் கேட்டால் சிரிப்பார்கள். நகரத்தார் வட்டிக்கடைகளில் முதலாளியின் சொந்தக் காசு 'முதற்பணம்', உறவினரும் கோயில்களும் பெண்களும் நம்பிப் போட்ட காசு 'மேற்பணம்'. பெண்ணுக்குக் கொடுத்த சீதனப் பணம் அப்படியே கடைக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, வட்டி ஏறி, அவள் மகளின் கல்யாணத்துக்கு வெளியே வரும். பர்மாவிலோ மலாயாவிலோ கடையை நடத்துகிற முகவருக்கு மூன்று வருஷத் தவணை. அது முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும், அடுத்தவர் போவார். முதலாளி மகன் என்றாலும் பெட்டியடிப் பையனாகக் கீழே உட்கார்ந்து, அடுத்தாள், மேலாள் என்று ஏறித்தான் தொழில் கற்றாக வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. தலைமுறை தாண்டிய நம்பிக்கை என்று நாம் பேசுவதற்கு அடியில் இப்படி ஒரு கணக்கு ஒழுங்கு இருந்தது.

ஆனால் ஒழுங்கு காப்பாற்றாத ஓர் இடமும் இருந்தது. 1930-இன் விலைச்சரிவில் கடன் கட்ட முடியாத உழவர்களின் நிலங்கள் வந்து விழ, முப்பதுகளின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் நகரத்தார் கையில் நின்றது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. இரண்டு தலைமுறை உழைப்பு ஒரே மண்ணில் மாட்டிக்கொண்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரகடத்துக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

நம்பிக்கைக்கு வயது ஆகிவிட்டால் அதுவே பூட்டு என்று நினைக்கிறோம். சென்னை இந்த நினைப்பை இரண்டு தடவை பொய்யாக்கியிருக்கிறது. அர்பத்நாட் நிறுவனம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பழைய குடும்ப நிறுவனம். ஜமீன்தார்கள், அரசு அலுவலர்கள், விதவைகள் என்று எல்லோருடைய காசும் அங்கே இருந்தது. லண்டனில் இருந்த பங்காளி சூதாட்டமாக முதலீடு செய்து தொலைத்ததில், 1906 அக்டோபர் 22 அன்று கதவு மூடியது. தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். அந்தக் கோபத்தில்தான், வி. கிருஷ்ணசாமி ஐயரும் நகரத்தாரும் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். இரண்டாவது, நேற்று நடந்தது. மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்ட், 1872-இல் தொடங்கிய நிதி. தாத்தா போட்டார், அப்பா போட்டார், நானும் போட்டேன் என்று ஓய்வூதியக் காசைக் கொண்டுபோய் வைத்தவர்கள் 2024-இல் முதிர்வுத் தொகை கேட்டு வாசலில் நின்றார்கள். ஆகஸ்டில் நிர்வாக இயக்குநர் கைதானார். 150 வருஷ வயது யாரையும் காப்பாற்றவில்லை.

வயதோடு ஒழுங்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையிலேயே உதாரணம் உண்டு. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகன்களில் ஒருவரான டி.எஸ். சந்தானம் 1954-இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் ஆலோசனை நிறுவனம் இல்லை. லாரிக்குக் கடன் கொடுத்து, வைப்புநிதி வாங்கித் தொழில் செய்கிறது. ஆனாலும் தாத்தா கணக்கைப் பேரன் புதுப்பிக்கிற வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய. அதன் கணக்கு ரிசர்வ் வங்கியின் கண்ணில் இருக்கிறது, பங்கு சந்தையில் இருக்கிறது, தணிக்கை அறிக்கை எல்லோர் கையிலும் இருக்கிறது. குடும்பத்தை நம்புங்கள் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். டி.வி.எஸ். குடும்பக் கிளைகள் 2022-இல் தொழில்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டபோதும் வைப்புதாரர் யாரும் தூக்கம் கெடவில்லை.

இனி, ஒரு நல்ல ஆலோசனை நிறுவனம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பணத்தோடு மூன்று பேருக்குச் சம்பந்தம் வருகிறது: என்ன செய்யலாம் என்று சொல்கிறவர், அதை விற்கிறவர், பணத்தை வைத்திருக்கிறவர். இந்த மூவரும் ஒரே ஆளாக இருந்தால் அர்பத்நாட். சொல்கிறவரும் விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் இனிப்புப் பெட்டித் தம்பி. மூவரும் தனித்தனியாக இருந்தால்தான் சித்தப்பாவின் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும்.

2013-இல் செபி கொண்டுவந்த முதலீட்டு ஆலோசகர் விதிகள் இந்தப் பிரிவினையைத்தான் சட்டமாக்க முயல்கின்றன. ஆலோசகர் என்று பதிவு செய்தவர் வாடிக்கையாளரிடம் மட்டுமே கட்டணம் வாங்கலாம். அவர் சொல்லி நீங்கள் வாங்குகிற ஃபண்டிலிருந்து அவருக்குக் கமிஷன் போகக் கூடாது. 2020-இல் இது இன்னும் இறுக்கமானது: ஒரு குடும்பத்துக்கு ஆலோசனை சொல்கிற நிறுவனம் அதே குடும்பத்துக்குப் பொருளும் விற்கக் கூடாது. கணவனுக்கு ஆலோசனை, மனைவி பெயரில் விற்பனை என்று வளைந்து போக வழியில்லாமல், அவரைச் சார்ந்திருக்கும் துணை, பிள்ளைகள், பெற்றோர் எல்லோரையும் ஒரே குடும்பம் என்று சட்டம் எண்ணுகிறது.

எதிரில் உட்கார்ந்திருப்பவர் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். 'ஐ.என்.ஏ.' என்று தொடங்கினால் ஆலோசகர், உங்களிடம் கட்டணம் வாங்குவார். 'ஏ.ஆர்.என்.' என்றால் விநியோகஸ்தர், ஃபண்ட் நிறுவனம் அவருக்குக் கமிஷன் கொடுக்கும். விநியோகஸ்தர் என்றால் மோசக்காரர் என்று அர்த்தமில்லை. மழையானாலும் வெயிலானாலும் வீடு தேடி வந்து நேர்மையாக வேலை செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் அவர் கடைக்காரர், நீங்கள் வாடிக்கையாளர். அதைத் தெரிந்துகொண்டு பேசினால் போதும். எந்த எண்ணும் சொல்லாமல் "நாங்க முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கோம் சார்" என்று மட்டும் சொல்கிறவரிடம் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நாடு முழுக்கப் பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான் என்பதால், ஆலோசகர் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிற பெரும்பாலானோர் உண்மையில் விற்பனையாளர்கள்.

கட்டணம் என்ற இடத்தில்தான் நம் ஆட்களுக்கு மனசு வராது. கமிஷன் கண்ணுக்குத் தெரியாது, கட்டணத்துக்குக் காசோலை எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 கோடி ரூபாய் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டில் சுமார் 6.73 கோடி. இடையில் ஆண்டுக்கு 1 சதவீதம் செலவாகப் போய், வளர்ச்சி 9 சதவீதமாகக் குறைந்தால் சுமார் 5.60 கோடி. வித்தியாசம் 1 கோடியே 12 லட்சம். போட்ட முதலைவிட அதிகம், ஒரே ஒரு சதவீதத்தில் போய்விட்டது. 2013 ஜனவரியிலிருந்து எல்லா மியூச்சுவல் ஃபண்டிலும் கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டம் இருக்கிறது. உண்மையான ஆலோசகர் அதைத்தான் வாங்கச் சொல்வார், தன் கூலியைத் தனியாகக் கேட்பார்.

அந்தக் கூலிக்கும் உச்சவரம்பு உண்டு. கவனிக்கிற சொத்தில் சதவீதமாக வாங்கினால் ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் கூடாது. நிலையான கட்டணமாக வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய். 2025 வரை அது 1,25,000. இந்த இரண்டு வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5 கோடி உள்ள குடும்பத்துக்கு முதல் வழியில் பன்னிரண்டரை லட்சம் வரை கேட்க சட்டம் விடுகிறது, இரண்டாவது வழியில் ஒன்றரை லட்சத்தோடு நிற்கிறது. பணம் இரண்டு மடங்கானால் ஆலோசகரின் வேலை இரண்டு மடங்காவதில்லை. எனக்கு நிலையான கட்டணம்தான் நியாயமாகப் படுகிறது. ஒப்பந்தம் போடும்போது கேட்டுப் பெற வேண்டியது அது.

மூன்றாவது ஆள், பெட்டி வைத்திருப்பவர். இதற்கு உலகம் தெரிந்த பாடம் நியூயார்க்கின் பெர்னார்ட் மேடாஃப். அதுவும் குடும்ப நிறுவனம்தான். தம்பியும் இரண்டு மகன்களும் அங்கேயே வேலை பார்த்தார்கள். பணக்காரக் குடும்பங்கள் சிபாரிசு பிடித்து உள்ளே போயின. முதலீட்டை நிர்வகித்தவர், பத்திரங்களை வைத்திருந்ததாகச் சொன்னவர், மாதாமாதம் கணக்கு அறிக்கை அச்சடித்து அனுப்பியவர் எல்லாம் ஒருவரே. அறிக்கையில் இருந்த பங்குகள் எங்கேயும் இல்லை. 2008 டிசம்பரில் கைதானார், அடுத்த ஆண்டு 150 வருஷச் சிறை.

நம் நாட்டில் இதைத் தடுக்க ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது, பலர் அது வரும் தபால் உறையைப் பிரிப்பதே இல்லை. பங்கும் ஃபண்டும் உங்கள் பெயரில் டீமேட் கணக்கிலோ ஃபண்ட் நிறுவனத்தின் பதிவேட்டிலோ இருக்கும். ஆலோசகரின் பெட்டியில் இருக்காது. என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு வைப்பகங்கள், உங்கள் பான் எண்ணில் என்னென்ன இருக்கிறது என்று ஒருங்கிணைந்த அறிக்கை அனுப்புகின்றன. ஆலோசகர் கொடுக்கிற வண்ணப் படம் போட்ட அறிக்கையையும் வைப்பகம் அனுப்புகிற கறுப்பு வெள்ளைத் தாளையும் அருகருகே வைத்து, யூனிட் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேர வேலை. இன்னொன்று: காசோலையில் ஆலோசகர் பெயரை நீங்கள் எழுத வேண்டியது அவருடைய கட்டணத்துக்கு மட்டும்தான். முதலீட்டுக்கு என்று சொல்லி அவர் கணக்கில் பணம் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அவர் தாத்தா உங்கள் தாத்தாவுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்திருந்தாலும்.

இனி ஒரகடம். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தப் பட்டையில் புதிதாகப் பணம் பார்த்த குடும்பங்கள் மூன்று வகை. நிலம் விற்றவர்கள் முதல் வகை. பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிற பட்டறை முதலாளிகள் இரண்டாவது. ஆள் அனுப்புகிற, பஸ் ஓட்டுகிற, கேன்டீன் எடுக்கிற ஒப்பந்ததாரர்கள் மூன்றாவது. மூவருக்கும் ஒரே நோய்: எல்லாம் ஒரே இடத்தில். நிலம் விற்றவர் அந்தக் காசில் அடுத்த ஊரில் மனை வாங்குகிறார். பட்டறைக்காரரின் மொத்த சொத்தும் ஒரே கார் கம்பெனியின் ஆர்டரை நம்பி நிற்கிறது. ஒப்பந்ததாரர் சம்பாதித்ததை வைத்து ஆலைத் தொழிலாளருக்கு வாடகை அறை கட்டுகிறார். ஆலை தும்மினால் மூவருக்கும் காய்ச்சல். பர்மா நெல் நிலத்தில் நடந்ததற்கும் இதற்கும் அளவுதான் வேறு.

சித்தப்பாவும் கட்டினார். 2012-இல் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் 16 அறை, மேலே ஷீட் கொட்டகை, பொதுக் குழாய். நோக்கியாவில் வேலை பார்த்த பிள்ளைகள் அறைக்கு நாலு பேராகத் தங்கினார்கள். 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. தீபாவளி முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பொங்கலுக்குள் 16-இல் 11 அறை பூட்டிக் கிடந்தன. நிலம் விற்ற காசில் பாதி அந்தச் சுவர்களுக்குள் போயிருந்தது. மீதி ஒரே வங்கியில், ஒரே வைப்புநிதியில் இருந்தது. வங்கிக்கு ஏதாவது ஆனால் காப்பீடு அன்றைக்கு 1 லட்சம், 2020 முதல் 5 லட்சம். அதற்கு மேல் இருப்பதற்கு உத்தரவாதம் யாரும் தருவதில்லை.

அந்தப் பொங்கலுக்குப் பிறகுதான் சென்னைக்குப் போனோம். பட்டறை வைத்திருக்கும் ஓர் உறவினர் வழியாகத் தெரியவந்த நிறுவனம், அப்பாவும் மகளும் நடத்துவது. பெயர் வேண்டாம். மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் மாடி. சுவரில் முதல் வாடிக்கையாளர்களின் படம், விருது எதுவும் இல்லை, ஒரு காலண்டரும் மின்விசிறியும்தான். சித்தப்பா பாஸ்புக்கை நீட்டினார். பெரியவர் அதைத் திறக்கவில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, இரண்டு கோடு இழுத்து மூன்று பத்தியாக்கினார். முதல் பத்தியில், ஆறு மாதம் வாடகை இல்லாவிட்டால் வீடு ஓட என்ன வேண்டும்? நடுவில், ஐந்து வருஷத்துக்குள் வரப்போகிற கல்யாணம், ஆபரேஷன், படிப்பு. கடைசியில், உங்களுக்கே தேவைப்படாத காசு. "மூணாவது பத்தியில எவ்ளோ வருதோ அதைப் பத்தித்தான் நாங்க பேசுவோம். முதல் ரெண்டுக்கும் எங்க ஆலோசனை தேவையில்ல, வங்கியும் தபால் ஆபீஸும் போதும்" என்றார். காசு வாங்குகிறவர் தன் வேலையைக் குறைத்துச் சொன்னது சித்தப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான்.

குடும்ப நிறுவனத்தின் பலம் இங்கேதான் தெரிகிறது. வங்கியின் தம்பி ஒன்றரை வருஷத்தில் வேறு கிளைக்கு மாறிப்போனார். அவருக்குப் பிறகு வந்தவருக்குச் சித்தப்பா யாரென்றே தெரியாது. மாம்பலத்துப் பெரியவருக்குச் சித்தப்பாவின் சர்க்கரை அளவு வரை தெரியும். ஆனால் இதே நெருக்கம்தான் ஆபத்தும். தெரிந்தவரிடம் ரசீது கேட்கக் கூச்சம் வரும். அப்பாவிடம் இருந்த கெட்டிக்காரத்தனம் பிள்ளைக்கு வந்திருக்கிறதா என்று கேட்கவும் முடியாது. நகரத்தார் கடையில் மகனைக் கீழே உட்கார வைத்து ஏற்றினார்கள். இங்கே மகள் தனியாகத் தேர்வு எழுதிச் சான்று பெற்றிருக்கிறாரா, அவர் பெயரும் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

நிலம் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலோசகரைப் பார்க்க வேண்டியது பணம் வந்த பிறகு இல்லை, கிரயத்துக்கு முன்பே. கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் எது கிராமம் என்பதில் வருமான வரிச் சட்டத்துக்குத் தனிக் கணக்கு இருக்கிறது: பக்கத்து நகரத்தின் மக்கள்தொகை 10,000-ஐத் தாண்டினால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 1 லட்சத்தைத் தாண்டினால் 6, 10 லட்சத்தைத் தாண்டினால் 8. நேற்று பேரூராட்சியாக இருந்த ஊர் இன்று வளர்ந்துகொண்டே போகிற பட்டையில் இந்தக் கோடும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தில் பல லட்சம் வரி. தொழிற்பேட்டைக்காக அரசு கையகப்படுத்தினால் விதி வேறு. தரகர் இதையெல்லாம் சொல்ல மாட்டார், அது அவர் வேலையும் இல்லை.

பங்கு, ஃபண்ட் பற்றி இவ்வளவு பேசினாலும், தலைமுறைப் பணம் கரைவது பெரும்பாலும் சந்தையில் இல்லை, பாகப்பிரிவினையில்தான். முருகப்பா குடும்பம் நூறு வருஷத்துக்கு மேலாகக் கட்டுக்கோப்பாக நடப்பதற்குப் பெயர் பெற்றது. அங்கேயே, 2017-இல் எம்.வி. முருகப்பன் இறந்த பிறகு அவர் மகள்கள் குடும்ப முதலீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார்கள். 2020-இல் வாக்கெடுப்பில் மறுக்கப்பட்டது. வழக்கு நடந்து 2023-இல்தான் சமரசம் ஆனது. இயக்குநர் குழு இல்லாத வீடுகளில் இதே தகராறு விடுதலைப் பத்திரத்தின் வடிவத்தில் வருகிறது. "தங்கச்சி, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்று பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போவார்கள். கையில் ஒரு பட்டுப் புடவை. தமிழ்நாட்டில் 1989 மார்ச்சிலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்தாரா என்பதெல்லாம் பொருட்டில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம் நாமினி. பெயர் எழுதிவிட்டால் பணம் அவருக்கே என்று நினைக்கிறார்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கிற கைதான். பங்குகளுக்கும் அதே விதிதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாருக்கு எவ்வளவு என்பது உயிலில் இருக்க வேண்டும்.

மாம்பலத்தில் மகள்தான் இதை எடுத்தார். சித்தப்பாவுக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள். "ஐயா, கிரயப் பத்திரத்துல மூணு பிள்ளைங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பணம் உங்க ஒரே கணக்குலதான் வந்திருக்கு. பொண்ணுங்களுக்கு இது எவ்ளோன்னு தெரியுமா?" சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அடுத்த தடவை அவர்களையும் கூட்டிவரச் சொன்னார். வராமல் திட்டம் எழுத மாட்டேன் என்றார்.

மூத்தவள் இப்போது வாலாஜாபாத்தில் பள்ளி ஆசிரியை. வைப்பகத்திலிருந்து அறிக்கை வரும்போதெல்லாம் அவள்தான் பென்சிலோடு உட்காருகிறாள். அறைகள் மறுபடி நிரம்பின. நோக்கியா விட்டுப்போன ஆலையை 2019-இல் சால்காம்ப் எடுத்துக்கொண்டது, ஃபாக்ஸ்கான் பெருத்தது. ஆனால் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்த வாரம், அவளே அப்பாவிடம் சொன்னாள், இன்னும் 8 அறை கட்டுகிற யோசனையை விடச் சொல்லி. அதே ஆண்டு ஆலோசனைக் கட்டண ரசீதும் அவள் கண்ணில் பட்டது. ஆரம்பத்திலிருந்து 1 சதவீதம் கொடுத்து வந்தோம். சொத்து வளர வளர அதுவும் வளர்ந்து 2 லட்சத்தைத் தொட்டிருந்தது. போன் போட்டாள். "அக்கா, போன வருஷமும் இந்த வருஷமும் நீங்க எங்களுக்குச் செஞ்ச வேலை ஒண்ணுதானே?" மாம்பலத்து மகள் சிரித்துவிட்டு இரண்டு நாள் அவகாசம் கேட்டார். ஏப்ரலில் புது ஒப்பந்தம் வந்தது. நிலையான கட்டணம், ஆண்டுக்கு 90,000. சித்தப்பா அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளை மூத்தவளிடம் நீட்டினார்.